எனக்கு ஒன்றும் ஆகவில்லையே!

"உங்க வீட்டுக்காரர் குடிப்பாரா?"

இந்த ஆஸ்பத்திரியில் ஷைனியிடம் அதைக் கேட்காதவர்கள் லிஃப்ட்காரரும் வாசல் காவலாளியும் மட்டும்தான். இன்று காலை ஐ.சி.யூ. வாசலில் புதிதாக வந்த நர்ஸும் கேட்டுவிட்டாள்.

"குடிப்பார். எலுமிச்சை ஜூஸ். அதுதான் அவரை இங்க கொண்டுவந்து போட்டிருக்கு."

நர்ஸ் உள்ளே போனாள்.

ஷைனி சொன்னதில் பொய் இல்லை. கொழுந்தன் பேசிலின் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்த அன்று, பனங்குழியில் மாமனார் பைலியின் முற்றத்தில் பந்தல் போட்டு ஊருக்கே விருந்து நடந்தது. அப்பம், கோழி, மாட்டிறைச்சி என்று எல்லாமே அடுப்பில் கொதித்தவை. வாசலில் வரவேற்று நீட்டிய எலுமிச்சை ஜூஸ் மட்டும் கொதிக்காதது. பைலியின் கிணற்றிலிருந்து குழாய் வழியாக நேரே அண்டாவுக்கு வந்த தண்ணீர் அது. ஷைனியின் கணவன் எல்தோதான் அண்டா அருகில் நின்று ஊற்றிக் கொடுத்தான். வெயிலுக்கு இதமாகத் தானும் குடித்தான்.

சில வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தது. பிறகு வாந்தி, கண்ணில் மஞ்சள். பைலி நாட்டு வைத்தியரிடம் வாங்கி வந்த பச்சிலைச் சாற்றை இரண்டு வேளை குடித்த பிறகு சோறும் இறங்கவில்லை. இப்போது முப்பத்தாறு வயதில், கையையும் காலையும் கட்டிலோடு கட்டிப் படுக்க வைத்திருக்கிறார்கள். நேற்று மனைவியைப் பார்த்து, "டீச்சர், பஸ் போயிடுச்சா?" என்று கேட்டான்.

ஷைனி டீச்சர் இல்லை. பால் சங்கத்தில் வேலை பார்ப்பவள்.

டாக்டர் ரஹீனா அவளையும் பேசிலையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்ன விதத்திலேயே செய்தி நல்லதில்லை என்று தெரிந்தது.

"மூளை வரைக்கும் பாதிச்சாச்சு. ஈரல் தானா மீளுதான்னு நாளைக்கு வரைக்கும் பார்க்கலாம். அதுக்கு மேல காத்திருந்தா கை மீறிடும். ரத்த சொந்தத்துல ஒருத்தர் தன் ஈரல்ல ஒரு பாகம் தர வேண்டியிருக்கும்."

ஷைனியின் ரத்த வகை சேரவில்லை. அதை நேற்றே பார்த்தாகிவிட்டது.

"நான் தர்றேன்," என்றான் பேசில். அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எங்களுக்கு ஒரே ரத்தம்தான். இப்பவே டெஸ்ட் எடுங்க."

"எடுப்போம். ஆனா நீங்களும் அந்த ஜூஸைக் குடிச்சிருப்பீங்களே?"

"குடிச்சேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே டாக்டர்!"

ஷைனிக்குச் சுரீரென்றது. எனக்கு ஒன்றும் ஆகவில்லையே! மாமனார் ஜெபம் மாதிரி இதையேதான் சொல்லிக்கொண்டு திரிகிறார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆகவே தண்ணீரில் குற்றமில்லை. ஆகவே என் மகன் எங்கேயோ கள்ளத்தனமாகக் குடித்திருக்கிறான். ஆகவே அவனைக் கெடுத்தவள் நீ.

"டாக்டர், ஒரே அண்டா. என் மாமனாருக்கு எழுபது வயசு. அவர் குடிச்சார். அவரோட அக்கா குடிச்சாங்க. சர்ச்சுலேருந்து வந்த வயசானவங்க எல்லாரும் குடிச்சாங்க. ஒருத்தருக்கும் தலைவலிகூட இல்ல. படுத்ததெல்லாம் என் வீட்டுக்காரர் வயசுக்காரங்கதான். ஏன்?"

"பெரியவங்க இந்த மஞ்சக்காமாலையை எப்பவோ வாங்கி முடிச்சாச்சு. அந்தக் காலத்துல இந்தக் கிருமி சின்ன வயசுலயே எல்லாருக்கும் வந்துடும். குழந்தைக்கு வந்தா ஒரு காய்ச்சல், கொஞ்சம் வாந்தி, அவ்வளவுதான். பல பேருக்கு வந்ததே தெரியாது. ஒரு தடவை வந்துட்டா ஆயுசுக்கும் திரும்ப வராது."

"இவருக்கு மட்டும் ஏன் வரல?"

"இவர் பிறக்கும்போது வீட்டுக்கு வீடு கக்கூஸ் வந்தாச்சு. கிணறும் நல்லா இருந்திருக்கும். கொதிக்க வெச்ச தண்ணி குடிச்சு வளர்ந்த தலைமுறை. கிருமி தொடவே இல்ல. அதனால உடம்புக்கு அதை எதிர்க்கவும் தெரியல. முப்பது, நாப்பது வயசுல முதல் தடவையா வந்தா படுக்கப்போட்டுடும். சிலருக்கு ஈரலையே பிடுங்கிடும்."

"அப்ப சுத்தமா வளர்ந்ததுதான் தப்பா?"

"இல்ல ஷைனி. சுத்தம் பாதி வழியில நின்னுட்டதுதான் தப்பு. தண்ணியைக் கெடாம பார்த்திருக்கணும். இல்லேன்னா இவங்களுக்குத் தடுப்பூசியாவது போட்டிருக்கணும்."

ஷைனி நிமிர்ந்தாள்.

"ஊசி இருக்கா?"

"இருக்கு. ரொம்ப வருஷமா இருக்கு."

"யாரும் சொல்லலையே!" அவள் கை மேசையில் அறைந்ததில் பேனா உருண்டு விழுந்தது. "என் பொண்ணுக்குப் பிறந்த நாள்லேருந்து ஊசிக்குக் கூப்பிட்ட போதெல்லாம் தூக்கிட்டு ஓடினேன். ஒருத்தராவது வாயைத் திறந்து, உன் புருஷனுக்கும் இப்படி ஒண்ணு இருக்குன்னு சொன்னீங்களா? இப்ப வந்து இருக்குங்கறீங்க!"

"சேச்சி..." என்று பேசில் அவள் தோளைத் தொட்டான்.

டாக்டர் குனிந்து பேனாவை எடுத்துக்கொண்டார்.

பேசிலை ரத்தம் எடுக்க விட்டுவிட்டு ஷைனி பனங்குழிக்கு பஸ் ஏறினாள். மாற்றுத்துணி வேண்டும். மகள் ஆனின் முகத்தையும் ஒரு தடவை பார்க்க வேண்டும். குழந்தையை அம்மாயி பார்த்துக்கொண்டிருந்தாள். பைலியின் அக்கா ஏலியாம்மாவை அந்த வீட்டில் பெரியவர் சின்னவர் எல்லோருக்குமே அம்மாயி என்றுதான் பழக்கம்.

படலைத் திறக்கும்போதே கிணற்றடியில் சத்தம் கேட்டது. வெளியே பஞ்சாயத்து ஜீப் நின்றது. எதுவானாலும் முதலில் பிள்ளை என்று ஷைனி சமையலறைப் பக்கம் போனாள். ஆன் படியில் உட்கார்ந்து கப்பைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா! அப்பா வந்தாச்சா?"

"இல்லடி தங்கம். நீ கொதிச்ச தண்ணிதானே குடிக்கிற?"

குழந்தை தயங்கியது. பிறகு தாத்தாவைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி ரகசியமாகச் சொன்னது. "காலையில அப்பச்சன் கிணத்துத் தண்ணி குடுத்தார். தினமும் குடிச்சா உடம்பு கல்லு மாதிரி ஆயிடுமாம். அப்பா மாதிரி படுக்க மாட்டேனாம்."

ஷைனி பையைக் கீழே போட்டாள். படியில் கழற்றிய செருப்பைக்கூட மாட்டாமல் கிணற்றடிக்கு நடந்தாள்.

அங்கே கூட்டம் கூடியிருந்தது. ஹெல்த் இன்ஸ்பெக்டர் சஜிதாவும் இரண்டு ஊழியர்களும் பிளீச்சிங் பவுடர் மூட்டையோடு நின்றார்கள். அவர்களுக்கு எதிரே வேட்டியை மடித்துக் கட்டி, சட்டையில்லாமல், கிணற்றுச் சுவரில் கையை ஊன்றி நின்றார் பைலி.

அந்தக் கிணறுதான் அவருடைய கௌரவம். கோடையில் பனங்குழி முழுக்க வற்றினாலும் அது வற்றாது. சரிவில் இருந்த ஏழு வீட்டுக்கும் தானே குழாய் போட்டுத் தண்ணீர் விட்டவர் அவர். சர்ச்சில் பாதிரியார் பிரசங்கத்தில் அதைச் சொல்லிப் பாராட்டியிருக்கிறார். அந்தத் தண்ணீரைப் போய் விஷம் என்கிறார்கள்.

"பைலிச்சேட்டா, தள்ளி நில்லுங்க. இது மேலிடத்து உத்தரவு. மோட்டாரை நிறுத்தணும், கிணத்துல மருந்து போடணும்."

"என் அப்பன் தோண்டின கிணறு. இதுல மருந்து கொட்ட நீ யாருடி?"

சொல்லிவிட்டு வாளியை இறக்கினார். நிறைய மொண்டு இழுத்து, அப்படியே தூக்கி வாயில் கவிழ்த்தார். தண்ணீர் தாடியிலும் நெஞ்சிலும் வழிந்தது.

"பார்த்தீங்களா? தோண்டின நாள்லேருந்து குடிக்கிறேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே!"

கூட்டத்தில் வயதானவர்கள் சிலர் தலையாட்டினார்கள். அவர்களும் குடித்தவர்கள்தான்.

"தண்ணியில குத்தமில்ல," என்று கத்தினான் கீழ்வீட்டுத் தங்கச்சன். அவனுடைய தம்பியும் இதே காய்ச்சலில் படுத்திருந்தான். "இதெல்லாம் இவனுங்க கொண்டுவந்த சீக்கு!"

அவன் கை நீட்டிய இடத்தில், பைலி கட்டி வாடகைக்கு விட்ட வரிசை அறைகளின் முன்னால், பிளைவுட் கம்பெனியில் வேலை பார்க்கும் வங்காளத்துக்காரர்கள் நின்றிருந்தார்கள். சிலர் ஏற்கெனவே மூட்டை கட்டியிருந்தார்கள். அவர்களில் ரஃபிகுல் என்பவன் மட்டும் முன்னால் வந்தான்.

"சேட்டா, நாங்களும் இதே தண்ணிதான். எங்கள்ல யாருக்கும் காய்ச்சல் இல்ல."

"கேட்டுக்கோங்க! அவன் வாயாலயே சொல்றான். அவனுங்களுக்கு ஒண்ணும் ஆகல. ஏன்னா சீக்கே அவனுங்களோடது. அடிச்சுத் துரத்துங்கடா!"

"அப்ப அப்பச்சனையும் துரத்து!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஷைனி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நடுவில் வந்தாள்.

"அப்பச்சனுக்கும்தான் ஒண்ணும் ஆகல. அவரையும் மூட்டை கட்டச் சொல்லு தங்கச்சா. உங்க அம்மாவுக்கும் ஒண்ணும் ஆகல, அவங்களையும் பஸ் ஏத்து. சின்ன வயசுல வந்துட்டா திரும்ப வராது, அதான் காரணம். இவங்க ஊர்லயும் குழந்தையிலயே வந்திருக்கும், இங்க கிழவங்களுக்கும் குழந்தையிலயே வந்திருக்கு. நடுவுல மாட்டினது என் புருஷனும் உன் தம்பியும்!"

தங்கச்சன் நீட்டிய கையை இறக்கிக்கொண்டான்.

"வீட்டுக்குள்ள போடி!" என்றார் பைலி. "ஆம்பளைங்க பேசுற இடம்."

"போறேன். எதுக்கு என் பிள்ளைக்கு இந்தத் தண்ணியைக் குடுத்தீங்க? அதுக்குப் பதில் சொல்லுங்க, போறேன்."

"உடம்பு உறுதியாகட்டும்னு குடுத்தேன். என் மகனை நீ தண்ணியைக் காய்ச்சிக் காய்ச்சிக் குடுத்தே பொம்மையாக்கிட்ட. கல்யாணத்துக்கு முன்னாடி அவனுக்கு ஒரு தும்மல் வந்திருக்குமா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி கிணத்துக்குப் பக்கத்துல இந்த அறைங்க இருந்துச்சா அப்பச்சா?"

பைலியின் முகம் மாறியது. ஷைனி விடவில்லை. அவள் விரல் வரிசை அறைகளின் பின்பக்கத்தைக் காட்டியது.

"அத்தனை பேருக்கும் ஒரே ஒரு கக்கூஸ் குழி. சரிவுல கீழ்ப்பக்கம் தோண்டலாம்னு எல்தோ தலைபாடா அடிச்சுக்கிட்டார். ஜாதிக்காய் மரத்தை வெட்ட மாட்டேன்னு கிணத்துக்கு மேல்பக்கமா தோண்ட வெச்சது யாரு? அவர் அன்னைக்குச் சொன்னது உங்க காதுல விழுந்திருந்தா இன்னைக்கு என்னைப் பார்த்து டீச்சர்னு கூப்பிடுவாரா?"

இன்ஸ்பெக்டர் சஜிதா அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். திரும்பி வந்தபோது அவள் யாரையும் பார்க்கவில்லை. "தரையெல்லாம் ஊறிக் கிடக்கு," என்று மட்டும் சொன்னாள்.

பைலி குரலை உயர்த்தினார். தோற்கிற நேரத்தில் அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"என்னடி பெரிய கக்கூஸ்! எங்க காலத்துல கக்கூஸே கிடையாது. குளத்துல மாடு குளிக்கும், அதே குளத்துல நாங்க குடிப்போம். இந்தக் குடும்பத்துல ஒருத்தன், ஒரே ஒருத்தன், மஞ்சப்பித்தத்துல செத்தான்னு சொல்ல முடியுமா?"

"குரியாக்கோ என்ன ஆனான்டா?"

அம்மாயி சமையலறைக் கதவருகில் நின்றிருந்தாள். ஆனின் கை அவள் முந்தானையைப் பிடித்திருந்தது.

பைலி திரும்பவில்லை.

"கேக்குறேன்ல. நம்ம குரியாக்கோ என்ன ஆனான்?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப? அவன் குளத்துல பயந்து..."

"ஊருக்குச் சொன்ன கதையை என்கிட்ட சொல்லாத! ரெண்டு பேரும் ஒரே பாயில படுத்துக் கிடந்தீங்க. ரெண்டு பேருக்கும் கண்ணு மஞ்சள். நீ எழுந்து பலாச்சுளை திருடித் தின்னப் போயிட்ட. அவன் எழுந்திருக்கல. உன் அண்ணன், பதினோரு வயசுப் பிள்ளை, அவனுக்கு எழுந்திருக்க முடியல. அப்பன் பச்சிலை அரைச்சு வாயில ஊத்தினார். நீயும் உன் மகனுக்கு அதையேதான் ஊத்தின." அம்மாயிக்கு மூச்சு வாங்கியது. "அந்த மஞ்சக் கண்ணை மூடினது இந்தக் கைதான்டா. ஒண்ணும் ஆகாதவங்க மட்டும்தான் இப்பப் பேச மிஞ்சியிருக்கோம். ஆனவங்களை யாரு கேட்டா?"

தலையாட்டிய கிழவர்களில் ஒருவர் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். அவருக்கும் யாராவது ஞாபகம் வந்திருக்கலாம்.

ஷைனிக்குக் கோபம் தணியவில்லை. தணிய வேண்டும் என்று அவள் விரும்பவும் இல்லை. சுவரில் இருந்த மோட்டார் சுவிட்சை அணைத்தாள். சஜிதாவின் ஊழியர் கரைத்து வைத்திருந்த மருந்து வாளியை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"அப்பச்சா, தள்ளுங்க."

பைலி அவளையே பார்த்தார். பிறகு சுவரிலிருந்து கையை எடுத்தார். வாளி கயிற்றில் இறங்கியது. தண்ணீரில் அது மோதிய சத்தம் மேலே வரை கேட்டது. மருந்து நெடி மூக்கில் ஏறியபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சஜிதா ஏழு வீட்டுக்காரர்களிடமும் கொதிக்க வைப்பதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். குழந்தை ஆனை நாளைக்கே சுகாதார நிலையத்துக்குக் கூட்டிவரச் சொன்னாள். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் லேசாகப் போய்விடும், ஆனாலும் பார்த்தே ஆகவேண்டும் என்றாள். ஷைனி தலையசைத்தாள். அப்போதுதான் அவள் ஃபோன் அடித்தது.

பேசில்.

"சேச்சி..."

"சொல்லுடா. எல்தோவுக்கு என்ன?"

"அவருக்கு அதே நிலைமைதான். எனக்குத்தான்... ரத்தத்துல வந்துடுச்சு சேச்சி. என் ஈரலும் வீங்கத் தொடங்கியிருக்காம். ஒருத்தருக்கு முன்னாடி வரும், ஒருத்தருக்குப் பின்னாடி வருமாம். என்னால தர முடியாதாம்." அவன் அழுதான். "என் பிள்ளைக்காக வெச்ச விருந்து சேச்சி!"

"அழாத. டாக்டர் சொல்றபடி அங்கேயே படு. எங்கேயும் அலையாத. நான் வர்றேன்."

ஃபோனை வைத்துவிட்டு அம்மாயியிடம் விஷயத்தைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் பின்னால் பைலியின் குரல் கேட்டது.

"என்னோடத எடுக்கச் சொல்லு."

அவர் நெஞ்சில் வழிந்த தண்ணீர் இன்னும் காயவில்லை. "என் ஈரல் கல்லு மாதிரி இருக்கு. முழுசா எடுத்துக்கட்டும். வா, இப்பவே போலாம்."

"எடுக்க மாட்டாங்க."

"ஏன்? எனக்கு ஒண்ணும்..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"உங்களுக்கு வயசாயிடுச்சு அப்பச்சா. இந்த வயசுதான் உங்களைக் காப்பாத்துச்சு. இதே வயசாலதான் உங்களால அவருக்கு உதவ முடியல."

அதைச் சொன்னதில் அவளுக்குக் கொஞ்சம் திருப்தி இருந்தது. இருந்ததற்காக அவள் வெட்கப்படவில்லை.

பைலி கிணற்றுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கூட்டம் கலையத் தொடங்கியிருந்தது. ரஃபிகுலும் மற்றவர்களும் மூட்டையை அவிழ்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள்.

"இன்னும் ஒருத்தி இருக்கா," என்றாள் அம்மாயி.

பைலியின் தலை வெடுக்கென்று நிமிர்ந்தது.

"முறைக்காதடா. உன் பெண்டாட்டி சாராம்மாவுக்கு ஆபரேஷன் ஆனப்போ ரத்தம் குடுத்தது யாரு? இவனுங்க ரெண்டு பேருக்கும் அதே ரத்தம்தானே!"

சாலி. பைலியின் மூத்த மகள். வேற்று மதத்து லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டு பாலக்காட்டுக்குப் போனவள். அன்றிலிருந்து அவள் பேரை யாரும் எடுக்கக்கூடாது என்பது பைலியின் சட்டம். அம்மாவின் அடக்கத்துக்கு வந்தவளைக் கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியவர் அவர். ஞானஸ்நான விருந்துக்கு ஊரையே அழைத்தவர், அவளை மட்டும் அழைக்கவில்லை.

அதனால்தான் அவள் அந்த ஜூஸைக் குடிக்கவில்லை.

ஷைனி தன் ஃபோனை மாமனாரிடம் நீட்டினாள். அவளிடம் சாலியின் நம்பர் இருந்தது. எல்தோவும் அவளும் வருஷக்கணக்காக இவருக்குத் தெரியாமல் சாலியோடு பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். அது இப்போது தெரிந்தாலும் அவளுக்குக் கவலை இல்லை.

"நீ பேசு," என்றார் பைலி. "நீ கேட்டா வருவா."

"வருவா. ஓடி வருவா. ஆனா நான் கேட்க மாட்டேன். துரத்தினது நீங்க. உங்க மகனுக்காக அவளோட வயித்தைக் கிழிச்சுத் தரச் சொல்லி நீங்களே கேளுங்க."

"ஷைனி..."

"கேளுங்க!"

ஆன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அப்பச்சனைப் பார்த்தாள். அம்மாயியும் பார்த்தாள். பைலி வேட்டி நுனியில் கையைத் துடைத்துவிட்டு ஃபோனை வாங்கினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் காதிலிருந்து எடுக்கப் போன நேரத்தில் மறுமுனையில் எடுத்தார்கள்.

"சொல்லு ஷைனி. எல்தோ எப்படி இருக்கான்? நானே கூப்பிடணும்னு இருந்தேன்."

பைலி ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்தார்.

"ஷைனி? லைன்ல இருக்கியா?"

"நான்தான்," என்றார் அவர்.

அந்தப் பக்கம் குக்கர் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு சாலி கேட்டாள். குரலில் பாசமும் இல்லை, பயமும் இல்லை. அத்தனை வருஷத்துக் கோபம் மட்டும் ஆறாமல் இருந்தது.

"யாரு செத்தா?"